எழுதியவரே திருத்த வேண்டும்

செய்தி வந்தபோது நான் திருப்போரூருக்கு மேற்கே ஒரு மனைப்பிரிவில் வடக்கு எல்லையை அளந்துகொண்டிருந்தேன். நாடாவின் மறுமுனையை மனைக்குச் சொந்தக்காரரே பிடித்திருந்தார். கைப்பேசி அதிர்ந்தது. அளவைக் குறித்துக்கொண்ட பிறகே எடுத்துப் பார்த்தேன். எங்கள் கட்டுரை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்திருந்தது: "நமது வட்டத்தின் நிறுவனர், பேராசிரியை வேதவல்லி அம்மையார் (52) இன்று காலை அமைதியாக இயற்கை எய்தினார்."

அந்த ஒரு வரியில் மூன்று தவறுகள். அவர் பேராசிரியை அல்லர். சென்னையில் ஓர் அச்சகத்தில் பதினேழு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். வயது நாற்பத்தேழு, என்னைவிட மூன்று ஆண்டு இளையவர். "அமைதியாக" என்று எழுதியவர் அந்த அறையில் இருந்தவர் அல்லர். வேதவல்லியின் தம்பி சம்பந்தம் இருந்தார். அக்கா கடைசி இரண்டு மணி நேரம் மூச்சுக்குத் தவித்தார் என்று அன்று மாலையே என்னிடம் சொன்னார். மரணத்தை அறிவிக்கும் வரியிலும் கண்ணால் காணாததை எழுதத்தான் நமக்குக் கை வருகிறது. வேதவல்லி எட்டு ஆண்டுகள் நம்மோடு போராடியது அந்தக் கையோடுதான்.

அன்று முழுவதும் குழுவில் கைகூப்பிய படங்கள் வந்தபடி இருந்தன. "அன்பின் வடிவம்" என்றார் ஒருவர். "தாய்போல் அரவணைத்தவர்" என்றார் இன்னொருவர். வேதவல்லியை அறிந்தவர்களே, நமக்குள் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் யாரையும் அரவணைக்கவில்லை. நம் பக்கங்களைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்ததே அவர் காட்டிய கருணை. சிறுநீரகம் கெட்டு, கடைசி இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்த அவரைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் அந்த வீட்டுப் படியேறினோம் என்பதைப் படம் அனுப்பியவர்கள் தமக்குள் எண்ணிக்கொள்ளட்டும். நான் இரண்டு முறை போனேன்.

இரண்டு முறையும், நான் அவரிடம் சொல்லியிருந்த ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவே போனேன். இரண்டு முறையும் ஒப்புக்கொள்ளாமல் திரும்பினேன். நினைவு மலருக்கு நான்கு பக்கம் வேண்டும் என்று நம் பக்கிரிசாமி கேட்டபோது, புகழ்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பொய்யைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க சார்" என்றார் அவர். "எனக்கும் சிலது கீது. ஆனா எனக்குத் தெகிரியம் இல்ல."

நான் முதன்முறை வட்டத்துக்குப் போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. தட்டச்சுப் பொறிகளை உறை போட்டு ஓரமாக நகர்த்திவிட்டு எட்டுப் பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்க்கையில் நடந்ததைக் கதைபோல் வாசிக்கும்படி எழுத வேண்டும், ஆனால் அதில் ஒரு சொல்லும் கதையாக இருக்கக் கூடாது. அங்கே பழகியது அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று எண்ணித்தான் நானும் போனேன். நில அளவைத் துறையில் வரைவாளனாக இருபது ஆண்டுகள் கழித்தவன். இரண்டு பட்டங்கள் பெற்றவன். உள்ளதை உள்ளபடி குறிப்பது எனக்கு உத்தியோகம்.

கொளவாய் ஏரியின் கரையை அளந்த அனுபவத்தை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசித்தேன். "அந்தி ஏரியின்மீது துயரத்தைக் கவிழ்த்தது, நாரைகள் தம் இழப்பை உணர்ந்து மௌனமாயின" என்ற இடத்தில் வேதவல்லி கையை உயர்த்தினார்.

"சர்வேயர் சார், நாரை உங்ககிட்ட சொல்லிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் தாள்களை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் கோடு இழுத்தார். நான் கண்ணால் கண்டதற்கு நேர்கோடு. பிறர் சொல்லக் கேட்டதற்குப் புள்ளிக்கோடு. அதன் பக்கத்தில், தாளின் ஓரத்தில், சொன்னவர் பெயர். நானாக நினைத்ததற்கு அலைக்கோடு. எங்கள் வரைபடங்களிலும் முடிவாகாத எல்லையைப் புள்ளியிட்டுத்தான் காட்டுவோம் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது. புரிந்ததால் அவமானம் கூடியது. நான்கு பக்கங்களில் நேர்கோடு பெற்றவை பதினொரு வாக்கியங்கள்.

"இந்தப் பதினொண்ணுதான் கட்டுரை. மீதி நீங்க" என்றார். "கண்டது கொஞ்சமா இருந்தா கொஞ்சமா எழுதுங்க சார். அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல."

அந்த ஏரிக் கட்டுரையை ஆறு மாதத்தில் ஐந்து முறை எழுதினேன். எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரியாமல் ஒரு காட்சியைத் தொடங்கக் கூடாது என்று கற்றேன். மனிதர்களை அவர்கள் பேசியபடியே பேசவிடக் கற்றேன். இது எனக்குக் கடினமாக இருந்தது. ஏரிக்காவலர் ஒருவர் சொன்னதை நான் செந்தமிழில் திருத்தி எழுதியிருந்தேன். "அவரு 'கீது'ன்னு சொன்னா 'கீது'தான். நீங்க அவருக்கு இலக்கணம் சொல்லிக் குடுக்கவா போனீங்க?" என்று கேட்டுத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். ஆறாம் மாதம் அந்தக் கட்டுரை, அவர் நடத்திய காலாண்டிதழில் வந்தது. ஒரு நாரை கூட அதில் எதையும் உணரவில்லை.

கோடுகளைவிடக் கடுமையான விதி ஒன்று அங்கே இருந்தது. யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. "அவங்களுக்குப் புடிக்கலைன்னா, புடிக்கலைன்றதையும் சேத்து எழுதுங்க. நடக்கலைன்னு சொன்னா எடுத்துடுங்க." ஒவ்வொரு கையெழுத்துப் படியையும் வாங்கும்போது தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்விதான் கேட்பார்: "வாசிச்சுக் காட்டிட்டீங்களா?"

கருங்குழியில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கிரிசாமி, தம் மனைவி சமையலறை இயந்திரங்களோடு போடும் சண்டைகளைப் பற்றி ஒருமுறை எழுதி வந்தார்.

"வாசிச்சேன் மேடம். ரெண்டு நாளா எனக்கு நாஸ்தா கெடையாது."

"திருத்தம் ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. மிக்ஸி இல்லியாம், கிரைண்டராம்."

"அப்ப கிரைண்டர்னு போடுங்க."

"நாஸ்தாவுக்கு இன்னா பண்றது மேடம்?"

"அதையும் போடுங்க."

நான் சேர்ந்த மூன்றாவது ஆண்டில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுவதற்காகக் கரையை அளக்க வேண்டியிருந்தது. கருவியை ஊன்ற இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். "யோவ், நெத்திலி மேல கால வெக்காத" என்று ஒரு குரல். மணலில் வலை விரித்து மீன் காயவைத்திருந்த அந்தப் பெண் காசியம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய கணவர் தேசிங்கு முந்தைய ஆண்டு விடியற்காலையில் ஃபைபர் படகில் போய், படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் கரை ஒதுங்கியவர். வேலை நடந்த வாரத்தில் மூன்று மாலைகள் காசியம்மாவோடு பேசினேன். கடலுக்குப் போனதற்கு முந்தின நாள் தாம் ஆக்கிய சோற்றைத் தேசிங்கு தொடவில்லை என்றும், அந்தச் சட்டியைத் தாம் அப்படியே மூடிவைத்ததாகவும் காசியம்மா சொன்னார். ஏன் தொடவில்லை என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நான் கிளம்பும்போது, "ரெண்டு பேருக்கும் மொத நாளு சண்ட சார், அதான்" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டுரை சண்டையில் தொடங்கி, "காசியம்மா மூடிய சட்டியை மறுநாளும் யாரும் திறக்கவில்லை, கோபம் உள்ளேயே ஆறிக்கிடந்தது" என்ற வரியில் முடிந்தது. அந்த வரி என் மனத்தில் உருவானபோது நான் திருக்கழுக்குன்றத்தைக் கடந்துகொண்டிருந்த பேருந்தில் இருந்தேன். ஓர் ஆண்டாக இப்படி ஒரு வரிக்குத்தான் காத்திருந்தோம் என்று தோன்றியது.

விதிப்படி வாசித்துக் காட்டுவதற்காக ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். குப்பத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். நான் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். மழை வந்ததால் திரும்பியதாகப் பின்னர் எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று மழை இல்லை. காசியம்மா "அப்படி இல்ல சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கடைசி வரி போய்விடும். அதுதான் காரணம். அலுவலகத்தில், நேரில் அளக்காத எல்லைக்கு நான் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. அளக்க மறுத்ததற்காக ஒருமுறை மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு வரிக்காகப் பாதி வழியில் திரும்பினான்.

மறுநாள் மாடியில் வாசித்தேன். முடித்தபோது பக்கிரிசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேதவல்லி தாளை வாங்கி, சண்டை என்ற வாக்கியத்தில் பென்சிலை வைத்தார். அதன் அடியில் நான் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். ஓரத்தில், சொன்னவர் பெயராக, "காசியம்மா" என்று எழுதியிருந்தேன்.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா மேடம்."

"வாசிச்சுக் காட்டிட்டீங்களா?"

"காட்டிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அழுதாங்க."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "எந்த இடத்துல அழுதாங்க?"

"கடைசி வரியில."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அழுகையை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானாகவே, அவர் கற்றுக்கொடுத்தபடி, நம்பும்படியாக, ஒரு சிறு விவரமாகச் சேர்த்தேன்.

இதழ் வந்து ஒரு மாதத்துக்குள், அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர், "உங்க ஊரைப் பத்தி வந்திருக்கு" என்று மகிழ்ச்சியோடு ஒரு பிரதியைக் கொண்டுபோய் தேசிங்கின் தங்கையிடம் கொடுத்திருக்கிறார். அண்ணனைப் பட்டினியாகக் கடலுக்கு அனுப்பியவள் என்று அந்த வீட்டில் முன்பே முணுமுணுப்பு இருந்ததாம். இப்போது அச்சில் வந்துவிட்டது. காசியம்மா இருந்தது தேசிங்கின் தாயாருடைய வீடு. அங்கிருந்து அவரை வெளியேற்றினார்கள். காசியம்மா திருப்போரூருக்குப் போய்ச் சந்தையோரம் மீன் விற்கத் தொடங்கினார். இவ்வளவும் நான் பின்னர் கேட்டறிந்தது. சொன்னவர் காசியம்மா.

அடுத்து வருவது நான் கண்டது. முதல் ஞாயிறு, மணி பத்தரை. காசியம்மாவின் அண்ணன் இதழைச் சுருட்டிப் பிடித்தபடி மாடியேறி வந்தார்.

"இங்க யாரு அந்த அளக்கிற ஆளு? எங்க கீறான் அவன்?"

நான் புனைபெயரில் எழுதியிருந்தேன். அவருக்கு என் முகம் தெரியாது. கடைசி பெஞ்சில் இருந்தேன்.

வேதவல்லி எழுந்து நின்றார். "இதுக்கு ஆசிரியர் நான். என்கிட்ட சொல்லுங்க."

"இன்னாத்தம்மா சொல்றது? என் தங்கச்சிய வூட்ட வுட்டே தொரத்திட்டாங்க. கேட்டா, பொஸ்தவத்துலயே போட்டுக்கீதுன்றாங்க. சண்டையே இல்லம்மா. எவன் பாத்தான் சண்டைய? நீ பாத்தியா?"

"இல்ல. நான் பாக்கலை."

"அப்பறம் எப்டிப் போட்ட?"

"தப்பு என்னுது" என்றார் வேதவல்லி.

காசியம்மாவின் அண்ணன் வெகுநேரம் கத்திவிட்டு இறங்கிப் போனார். வேதவல்லி அவ்வளவு நேரமும் நின்றபடியே கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கலைந்த பின் அவரிடம் போய், "காசியம்மா என்கிட்ட சொன்னதை இப்ப மாத்திச் சொல்றாங்க மேடம்" என்றேன். ஆம், அதையும் சொன்னேன். "அப்படியா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், அந்த வாக்கியம் சரிபார்க்கப்படாமல் அச்சாயிற்று, பொறுப்பு முழுவதும் ஆசிரியருடையது என்று தம் பெயர் போட்டு எழுதினார். அதுவே இதழின் கடைசி வெளியீடு. ஏன் நிறுத்தினார் என்று நாம் பலவாறு பேசிக்கொண்டோம். சோர்ந்துவிட்டார் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் தொடர்ந்தன. வட்டத்தில் எழுதப்பட்டவற்றை வேறு இதழ்களுக்கு அனுப்பினோம். அனுப்புவதற்கு முன் அவர் பார்த்துக் கொடுப்பார். மற்றவர்களிடமெல்லாம் வழக்கம்போல் கேட்டார்: வாசிச்சுக் காட்டிட்டீங்களா? என்னிடம் மட்டும் அதன்பின் ஒருமுறையும் கேட்கவில்லை. என் தாள்களை வாங்குவார், எழுத்துப் பிழை மட்டும் திருத்துவார், திருப்பிக் கொடுப்பார். அதை நான் நம்பிக்கை என்று புரிந்துகொண்டேன். கேட்கத் தேவையில்லாத இடத்துக்கு உயர்ந்துவிட்டதாக உள்ளூரப் பெருமைப்பட்டேன். ஐந்து ஆண்டுகள் அந்தப் பெருமையோடு இருந்தேன்.

நோய் கண்ட பிறகு முதல் முறை போனபோது, சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார்செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்தபடி யாருடைய பக்கங்களையோ திருத்திக்கொண்டிருந்தார். எந்தப் பேருந்தில் வந்தீர்கள் என்று கேட்டார். பேருந்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அவரால் பென்சில் பிடிக்க முடியவில்லை. நான் எழும்போது, "அந்த ஏரிக் கட்டுரைய எடுத்துத் திருப்பிப் படிங்க சர்வேயர் சார். அதுல பொய் இல்ல" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அவர் உடலை எடுத்த நாளன்று, வீட்டு வாசலில் பந்தலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. பக்கிரிசாமியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஐம்பது வயது அரசு ஊழியன், ஒரு சாவு வீட்டில், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் முதுகில் ஒளிந்தேன். பயனில்லை.

"இன்னா சார், நல்லா கீறியா?" என்றார் காசியம்மா.

"வாங்கம்மா" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தம்மா தம்பி போன் பண்ணிச்சி. மாசம் ஒரு வாட்டி வருவாங்க சார், நான் குந்திகினு கீற எடத்துக்கு. மீனு துன்ற ஆளும் இல்ல. சும்மா பக்கத்துல குந்திகினு ஈ ஓட்டுவாங்க. ஒடம்பு முடியாம போனப்பறந்தான் நின்னுச்சி."

"எப்போதிலிருந்து?"

"எங்கண்ணன் வந்து கத்திச்சே, அதுக்கு அடுத்த வாரமே தேடிகினு வந்தாங்க. பொஸ்தவத்த எடுத்து மொதல்லருந்து கடைசி வரிக்கும் படிச்சாங்க. எங்கன்னா தப்பு கீதா சொல்லுன்னாங்க. சண்ட இல்லம்மா, பல்லு வலின்னேன்."

"பல் வலியா?"

"ஆமா சார். கன்னம் இம்மாம் பெருசு வீங்கிகினு இருந்துச்சி அவுருக்கு. சோறு மெல்ல முடியல. கஞ்சித் தண்ணிய நின்னுகினே குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. வேற ஒண்ணும் இல்ல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பறம் ஒண்ணு கேட்டாங்க. அந்த சார் வந்து படிச்சப்ப நீ அழுதியான்னு. எனக்கு யாரும்மா படிச்சாங்க, நீதான் மொதல்ல படிக்கறன்னேன். அந்தம்மா பொஸ்தவத்த மூடி மடியில வெச்சிகினாங்க."

அப்படியானால் ஐந்து ஆண்டுகளாக அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முதல் ஞாயிறும், என் தாள்களைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் தெரியும். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில் பொருள் இல்லை என்பதால் கேட்கவில்லை.

பத்தாம் நாள் கழிந்து சம்பந்தம் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா பீரோவுல இருந்துச்சு. உங்க பேர் போட்டிருந்தாங்க." உள்ளே என் கையெழுத்துப் படி. சண்டை என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் நான் எழுதிய காசியம்மா என்ற பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அதன்கீழ் அவருடைய சிறிய, சாயாத எழுத்தில்: "பல் வலி. கஞ்சியை நின்றுகொண்டே குடித்தார். சொன்னவர் காசியம்மா, திருப்போரூர்." என் கடைசி வரியின் அடியில் நீளமாக ஓர் அலைக்கோடு. அதற்கும் கீழே, தாளின் அடியில், மூன்று சொற்கள்: "எழுதியவரே திருத்த வேண்டும்."

அவரே திருத்தியிருக்கலாம். பல் வலியைக் கடைசி இதழில் எழுதிய குறிப்பில் போட்டிருக்கலாம். மாடியில் எல்லோர் முன்னிலும் என்னை எழுப்பி நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. இதை அவருடைய பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சந்தையில் ஒரு பெண் வீடிழந்து உட்கார்ந்திருக்க, இங்கே ஒருவன் தானாக வாய்திறப்பதற்காக ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது சரியா என்று அவரிடம் கேட்கும் அளவுக்கு எனக்குச் சினம் இருக்கிறது. வேதவல்லி மேடம், உங்கள் விதி அந்த ஓர் இடத்தில் தவறு. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதும், கேட்கப்படவேண்டியவர் உயிரோடு இல்லை என்பதும் சேர்ந்து, அந்தச் சினம் என்னிடமே தங்கிவிட்டது.

அவர் என்னை மன்னித்தார் என்று எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாக முடியும். அதற்கு என்னிடம் நேர்கோடும் இல்லை, புள்ளிக்கோடும் இல்லை.

போன ஞாயிறு காலை திருப்போரூர் போனேன். காசியம்மாவின் மீன்பலகைக்குப் பக்கத்தில், வேதவல்லி உட்கார்ந்திருந்ததாக அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்து, மேலே உள்ள அனைத்தையும் வாய்விட்டு வாசித்தேன். நடுநடுவே மீன் வாங்க வந்தவர்களுக்காக நிறுத்தினேன். அவர் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "அப்ப எம் பேரப் போட்டுத்தான தொரத்தினாங்க? இப்பவும் எம் பேரே இருக்கட்டும்" என்றார். இரண்டு திருத்தங்கள் சொன்னார். மணலில் காய்ந்தது நெத்திலி. நான் வெறுமனே கருவாடு என்று எழுதியிருந்தேன், மாற்றிவிட்டேன். இரண்டாவது: "எங்கண்ணன் கத்திச்சின்னு போட்டுக்கீற. நெஜந்தான். ஆனா கத்தும்போதே அழுதுச்சாம். வூட்ல வந்து சொல்லிச்சி. அத்த ஏன் போடல?" நான் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒருவர் உண்மையாக அழுதிருக்கிறார், எனக்குத் தெரியாது.

"பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வந்து திரும்பிட்டன்னு போட்டுக்கீறியே, அது நெஜமா சார்?" என்று கேட்டார்.

"நெஜம்."

"இன்னும் பத்து நிமிசம் வந்துருக்கலாம்."

"ஆமாம்மா."

"இத்தப் போட்டா எனக்கு அந்த வூடு திரும்பி வருமா?"

"வராது."

"தெரியும். சும்மா கேட்டேன்" என்றார்.

வேதவல்லியிடமிருந்து என்னிடம் இருப்பவை, உறையில் உள்ள நான்கு பக்கங்களும் அவற்றின் அடியில் உள்ள மூன்று சொற்களும். திருத்தம் இது: தேசிங்குக்கும் காசியம்மாவுக்கும் முந்தின நாள் சண்டை எதுவும் இல்லை. தேசிங்குக்குப் பல் வலி. கஞ்சியை நின்றுகொண்டே குடித்தார். சொன்னவர் காசியம்மா.

நான் வாசித்து முடித்தபோது காசியம்மா அழவில்லை. குவளையிலிருந்து கையில் தண்ணீர் எடுத்து மீன்மேல் தெளித்தார். இது நான் கண்டது.